வெட்டுகிறவளும் வெட்டுப்பட்டவளும்

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் திரைப்பட வட்டத்தின் சார்பில், ஒரு தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடியில், உலக சினிமா சுவரொட்டிகளின் கண்காட்சி ஒன்றை வைத்தோம். கண்காட்சி என்பது பெரிய வார்த்தை. இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்த இருபது சொச்சம் தாள்கள், கொடிக்கயிறு, துணி மாட்டும் கிளிப்பு, அவ்வளவுதான். விளக்கம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஸ்டென்பெர்க் சகோதரர்கள் 'மூவி கேமராவுடன் ஒரு மனிதன்' படத்துக்கு 1929இல் செய்த சுவரொட்டியின் முன்னால் நின்றுகொண்டு சோவியத் மாண்டேஜ், கட்டமைப்புவாதம், முதலாளியப் பார்வைப் பழக்கத்தைத் தகர்ப்பது என்று இருபது நிமிஷமாவது பேசியிருப்பேன். பேசி முடித்ததும், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற, சங்கத்தில் பொறுப்பில் இருக்கிற ஒரு அக்கா கேட்டார்: "ஏன் தோழர், எல்லாத்துலயும் பொம்பளையே ஏன் பீஸ் பீஸா தொங்குறா?"

"அது மாண்டேஜ்க்கா" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார். அந்தச் 'சரி'க்குப் பதில் எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

கண்காட்சியை நாங்கள் அடுக்கியிருந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கூடத்தின் நடுவில் சோவியத்தும் கியூபாவும். பக்கச் சுவரில் ஹாலிவுட்டில் வேலை செய்தாலும் 'நம்ம ஆள்' என்று நாங்கள் கருதிய சால் பாஸ். படிக்கட்டுப் பக்கம், இப்படியும் பிழைக்கிறார்கள் பாருங்கள் என்று காட்டுவதற்காக, 'ஜாஸ்'. கலை நடுவில், வணிகம் வாசலில். எங்கள் தலைக்குள் இருந்த வரிசையும் அதுதான். நாங்கள் கலை என்றும் வணிகம் என்றும் பிரித்து மாட்டிய கோட்டை அந்த அக்காவின் கேள்வி கண்டுகொள்ளவே இல்லை. அவர் குறுக்கே வேறொரு கோடு கிழித்தார்.

ஸ்டென்பெர்க் சுவரொட்டியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் நான் அதிகம் நேசித்தேன். தரையில் மல்லாந்து கிடப்பவன் அண்ணாந்து பார்க்கிற மாதிரியான கோணம். நாலா பக்கமிருந்தும் வானளாவிக் கட்டடங்கள் சரிந்து வந்து மேலே கூடுகின்றன. நடுவில் எழுத்துகள் வட்டமாகச் சுழல்கின்றன. அந்தச் சுழலில் ஒரு பெண் பின்பக்கமாக வளைந்து விழுகிறாள், அல்லது ஆடுகிறாள். இரண்டில் எது என்று சொல்ல முடியாது. தலை இருக்கிறது, கைகள் இருக்கின்றன, கால்கள் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய உடம்பு இல்லை. இடைவெளி இருக்கும் இடத்தில் வானம்.

விளாதிமிரும் கியோர்கியும் வேலை செய்த முறை தெரிந்தால் வியப்பு கூடும். பெரிய அளவில் புகைப்படத்தை அச்சிட அன்றைய லித்தோ அச்சகங்களுக்கு வசதி போதாது. எனவே படச்சுருளின் சட்டகங்களைப் பெரிதாக்கவும் சாய்க்கவும் திரிக்கவும் தாங்களே ஒரு புரொஜெக்டரைச் செய்துகொண்டார்கள். அது வீசும் பிம்பத்தைக் கையால் வரைந்தார்கள். புகைப்படம் போலத் தெரிவது உண்மையில் தூரிகை வேலை. ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் காலைக்குள் முடித்துக் கொடுக்கிற நெருக்கடி பலமுறை இருந்ததாக விளாதிமிர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தம்பி கியோர்கி 1933இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அவர்களின் சுவரொட்டிகளில் பெரும்பாலானவை கிழிபட்டும் மேலே வேறு ஒட்டப்பட்டும் அழிந்தன. இதையெல்லாம் நான் அன்று சொன்னேன். இன்றும் சொல்வேன். உலகில் செய்யப்பட்ட மிகச் சிறந்த திரைப்படச் சுவரொட்டி அதுதான் என்ற கருத்தில் எனக்கு மாற்றமில்லை.

ஆனால் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். கீவ், ஒடெஸ்ஸா, மாஸ்கோ நகரங்களின் ஒரு நாளைக் கட்டித் தருகிற படம். தலைப்பில் வருகிற 'மனிதன்' கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிற மிகயீல் காஃப்மன். இயக்குநர் ஜிகா வெர்தோவின் தம்பி. அதே படத்தில், நடுவழியில், எல்லாம் சட்டென்று உறைந்து நிற்கிற ஒரு இடம் உண்டு. ஓடிக்கொண்டிருந்த குதிரை நின்றுவிடுகிறது. குழந்தை முகங்கள் நின்றுவிடுகின்றன. பார்த்தால் அவை வெறும் ஃபிலிம் துண்டுகள், ஒரு மேஜை, மேஜைக்கு முன்னால் ஒரு பெண். கத்திரியை எடுக்கிறாள், வெட்டுகிறாள், ஒட்டுகிறாள். அவள் ஒட்டிய பிறகுதான் குழந்தைகள் மறுபடி சிரிக்கின்றன. அவள் பெயர் யெலிசவேத்தா ஸ்விலோவா. படத்தின் தொகுப்பு அவள் கைவேலை. வெர்தோவின் மனைவி என்று ஒரு வரியில் கடந்துபோகிறவர்கள் உண்டு. அவளும் வெர்தோவும் காஃப்மனும் சேர்ந்துதான் தங்களை 'மூவர் குழு' என்று அறிவித்துக்கொண்டார்கள். 1954இல் வெர்தோவ் இறந்த பின் அவர் எழுத்துகளைச் சேர்த்து, காத்து, அச்சுக்குக் கொண்டுவர உழைத்தவளும் அவளே.

ஆக, படத்துக்குள் வெட்டுகிறவள் ஒரு பெண். சுவரொட்டியில் வெட்டுப்பட்டிருப்பவளும் ஒரு பெண். முன்னவளிடமிருந்து கத்திரியைப் பிடுங்கிப் பின்னவள் மேல் வைத்தது யார்? ஸ்டென்பெர்க் சகோதரர்களைக் குற்றக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பதில்லை எனக்கு. புரட்சியின் புதிய பார்வையை ஒரே தாளில் காட்டு என்றால் அவர்களின் கை தானாகப் போய் நின்ற இடம் பெண்ணுடல். தானாக என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பழையதையெல்லாம் கவிழ்க்க வந்தவர்களிடமும் கவிழாமல் மிஞ்சிய பழக்கம் அது. அதை நான் 'மாண்டேஜ்' என்று பெயர் சொல்லி மூடினேன். கோட்பாட்டுச் சொற்கள் பல நேரம் நம்மிடையே இந்தக் காரியத்துக்குத்தான் பயன்படுகின்றன.

ஆண் உடம்பை யாரும் வெட்டுவதில்லையா என்று கேட்கலாம். வெட்டுகிறார்கள். சால் பாஸை எடுத்துக்கொள்வோம். ஓட்டோ பிரெமிஞ்சரின் 'தங்கக் கையுள்ள மனிதன்' (1955) ஹெராயினுக்கு அடிமையான ஒருவனின் கதை. சீட்டாட்ட மேஜையில் சீட்டுப் போடுகிற அதே கைதான் ஊசி ஏறுகிற கையும். நாயகன் ஃபிராங்க் சினாட்ரா, அன்றைக்குச் சந்தையில் பெரிய முகம். பாஸ் அந்த முகத்தை அடையாளமாக்கவில்லை. முறுக்கிக்கொண்டு இறங்குகிற, விரல்கள் விறைத்த ஒரு கரிய கையை வைத்தார். வெட்டப்பட்ட ஆணின் கை வலியின் குறியீடாகிறது. ஒரு மனிதனின் முழு வரலாறும் அந்தக் கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கையைப் பார்த்து யாருக்கும் நாக்கில் எச்சில் ஊறாது.

அடுத்து 'ஒரு கொலையின் உடற்கூறு' (1959), அதே பிரெமிஞ்சர், அதே பாஸ். காகிதத்தில் கத்தரித்த மாதிரி கறுப்பு உடம்பு, கை கால் தலை தனித்தனியாக, அதன் மேல் கோணல்மாணலாகக் கையால் எழுதிய தலைப்பு. எளிமை என்றால் இது. பின்னால் எத்தனையோ பேர் இதைப் பார்த்துச் செய்தார்கள். ஸ்பைக் லீயின் 'கிளாக்கர்ஸ்' (1995) சுவரொட்டியைப் பார்த்துவிட்டு பாஸே இது என்னுடையது என்று கோபப்பட்டார். செய்தவர் மரியாதைக்காகச் செய்தேன் என்றார். (புரூக்ளின் தெருவில் சாகிற கறுப்பு இளைஞனின் உடம்பாக அது மாறியபோது அர்த்தமும் மாறிவிட்டது என்பது என் எண்ணம். அது தனிக் கட்டுரைக்கானது.) நான் கேட்பது வேறு. அந்தப் படத்தில் நீதிமன்றத்தில் உண்மையில் கூறுபோடப்படுவது யார்? தன் மனைவியை வன்புணர்ந்தவனைச் சுட்டுக் கொன்றதாக ஒரு ராணுவ அதிகாரி கூண்டில் நிற்கிறான். விசாரணை நெடுக அந்த மனைவியின் உடை, நடை, குடி, சிரிப்பு எல்லாம் அலசப்படுகின்றன. அவளுடைய உள்ளாடை பற்றிய பேச்சு எழும்போது நீதிமன்றம் சிரிக்கிறது. நீதிபதி அந்தச் சிரிப்பை அடக்க வேண்டியிருக்கிறது. உடற்கூறு ஆய்வு அவளுக்குத்தான் நடக்கிறது, உயிரோடு. சுவரொட்டியிலோ செத்துப்போனவனின் உடம்பு. இங்கே பாஸ் ஒரு கண்ணியத்தைக் காட்டினார் என்று சொல்லலாம், அவள் உடம்பை விற்கவில்லை. அவளை முழுக்க மறைத்துவிட்டார் என்றும் சொல்லலாம். நான் இரண்டையும் சொல்கிறேன்.

இப்போது படிக்கட்டுப் பக்கம் தொங்கிய 'ஜாஸ்'.

நான் அதை முதலில் பார்த்தது படமாக இல்லை, விசிடி அட்டையாக. பத்து வயதிருக்கும். சுறாவின் வாயைத்தான் பார்த்தேன் என்று இதுநாள்வரை எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். பொய். மேலே நீந்துகிறவளுக்குத் துணி இருக்கிறதா இல்லையா என்று பார்த்தேன். அந்த அட்டையின் முழு இயந்திரமும் அந்த இரண்டு பார்வைக்கு நடுவில்தான் ஓடுகிறது. மேல் விளிம்பில் சிவந்த எழுத்தில் தலைப்பு, அதன் கீழே நீர்மட்டத்தில் படுக்கைவாட்டில் ஒரு சின்ன உடம்பு, அதற்குக் கீழே தாளின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு செங்குத்தாக மேலேறும் ஒரு முக்கோணம், வாய் நிறையப் பல். கண் எங்கே விழுந்தாலும் அந்த முக்கோணம் அதை மேலே தள்ளி அவள் வயிற்றில் கொண்டுபோய் நிறுத்தும்.

இதை வரைந்த ரோஜர் காஸ்டல் திரைப்படத்துக்காக வரையவில்லை. பீட்டர் பெஞ்ச்லியின் நாவல் 1974இல் வந்தது. அதன் மலிவுப் பதிப்புக்கு அட்டை வேண்டுமென்று பதிப்பகம் கேட்டது. காஸ்டல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பாடம்பண்ணி வைத்திருந்த சுறாக்களைப் படம்பிடித்து வந்தார். வேறொரு விளம்பர வேலைக்காக வந்திருந்த ஒரு மாடலை ஸ்டூலின் மேல் குப்புறப் படுத்து நீந்துவது போல் கையசைக்கச் சொன்னார். செத்த சுறாவும் ஸ்டூலில் படுத்த ஒரு கூலிப் பெண்ணும் சேர்ந்துதான் உலகத்தைக் கடலைக் கண்டு நடுங்க வைத்த அந்தப் பிம்பம். 1975 ஜூனில் அமெரிக்காவில் ஒரே நேரத்தில் நானூறுக்கும் மேற்பட்ட அரங்குகளில் படம் இறங்கியபோது அட்டை அப்படியே சுவரொட்டியானது. மூல ஓவியம் பிறகு காணாமல் போய்விட்டது.

படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆமிட்டி தீவில் ஆட்களைக் கொல்வது சுறா மட்டுமில்லை. ஜூலை நான்காம் தேதிக் கூட்டத்தின் வியாபாரம் கெட்டுவிடும் என்று கடற்கரையை மூட மறுக்கிற மேயர் இருக்கிறார். முதல் பெண் செத்ததை விபத்து என்று எழுத வைக்கிறார்கள். அசல் வாய் அதுதான். சுவரொட்டியில் அதற்கு இடமே இல்லை. மேயரையும் கடைக்காரர்களையும் அழித்துவிட்டு, நிர்வாணமாக நீந்தப் போனவள், அவளைத் தின்ன வருவது என்று இரண்டே உருவமாகச் சுருக்கிவிட்டால் அரசியல் கதை ஒரு பழைய எச்சரிக்கைக் கதையாகிவிடுகிறது: ராத்திரியில் தனியாப் போனா இப்படித்தான்.

அந்த அக்கா 'ஜாஸ்' முன்னால் நின்று சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். "அவளுக்குக் கீழ வர்றது தெரியல. பாக்குற நமக்குத் தெரியுது. தெரிஞ்சும் பாத்துக்கிட்டே நிக்கணும். அதுக்குத்தான் காசு." லாரா மல்வியின் புகழ்பெற்ற கட்டுரை 'ஸ்கிரீன்' இதழில் வெளியானதும் அதே 1975இல்தான். பார்க்கிறவன் ஆண், பார்க்கப்படுகிறவள் பெண், கேமரா அவளைக் காலாகவும் முகமாகவும் துண்டாக்கித் தருகிறது என்று அவர் உளப்பகுப்பாய்வின் மொழியில் வாதிட்டதை நாம் மொழிபெயர்த்து, படித்து, மேற்கோள் காட்டி இருக்கிறோம். அக்கா அதைப் படித்ததில்லை. படித்த நான் பார்க்காமல் விட்டதை அவர் பார்த்தார்.

நம்ம மரபு யோக்கியமா என்று யாராவது திருப்பிக் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். தமிழ் எம்.ஏ. வகுப்பில் கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று இரண்டு முறைமை படித்தோம். பொருநராற்றுப்படையில் பாடினியைக் கூந்தலில் தொடங்கிப் பாதம்வரை உறுப்பு உறுப்பாக வருணிக்கும் பகுதியைப் பேராசிரியர் ரசித்து ரசித்து நடத்தினார். வகுப்பிலிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு குறிப்பெடுத்தார்கள். அதுவும் கூறுபோடுவதுதான், சந்தேகமில்லை. ஒரே ஒரு வித்தியாசம் எனக்குத் தோன்றுகிறது. அங்கே வரிசை உண்டு. கண் தாவ முடியாது. நெற்றிக்குப் பிறகு புருவம், புருவத்துக்குப் பிறகு கண் என்று ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டே இறங்க வேண்டும். இறங்கி முடிக்கும்போது பாதத்தில் கொப்புளத்தோடு, பசியோடு, நடந்து வந்த ஒரு தொழிற்காரி நிற்பாள். சுவரொட்டி இந்த வரிசையை அறுத்துவிட்டு, தேவையான துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இதை மரபுக்கு வக்காலத்தாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வருணிக்கிறவன் அங்கேயும் பொருநன்தான், பாடினி இல்லை.

'வெர்டிகோ' (1958) சுவரொட்டி இந்த இடத்தில்தான் எனக்குத் தனியாகத் தெரிகிறது. செம்மஞ்சள் பரப்பு. கண்ணைக் கிறங்கடிக்கும் வெள்ளைச் சுழல். அதில் விழும் இரண்டு உருவங்கள். ஆண் கறுப்பில் நிறைத்த நிழலுரு. பெண் வெறும் கோடு. உள்ளே ஒன்றுமில்லை, பின்னாலிருக்கும் சுழல் அவள் வழியாகவே தெரிகிறது. ஹிட்ச்காக்கின் அந்தப் படத்தில் ஸ்காட்டி என்பவன் ஜூடி என்கிற ஒரு கடை ஊழியப் பெண்ணைப் பிடித்து, தலைமயிரின் நிறம், கொண்டை, சாம்பல் நிற உடை என்று ஒவ்வொன்றாக மாற்றி, செத்துப்போனதாகத் தான் நம்பும் வேறொருத்தியாக்கிவிடப் பார்க்கிறான். அவனுக்கு வேண்டியது வெளிக்கோடு. உள்ளே இருப்பவள் தொந்தரவு. பாஸின் சுவரொட்டி இதைச் சொல்லிவிடுகிறது. பெண்ணை வெறுமையாக்குகிறது, அந்த வெறுமை யாருடைய வேலை என்பதையும் அவளோடு ஒட்டி விழுகிற கரிய ஆளைக் காட்டிச் சொல்கிறது. தன் பார்வையை மறைக்காத பார்வை. இதே பாஸ் 1960 வாக்கிலிருந்து படத்தலைப்புக் காட்சிகளைத் தன் மனைவியாகப் போகிற எலேன் மகதுராவோடு சேர்ந்துதான் செய்தார் என்பதையும், எலேனின் பெயர் வெகுகாலம் பேச்சில் வராமலே போனதையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பாராட்டு அரைகுறையாகிவிடும்.

எல்லாம் சந்தை படுத்தும் பாடு, சந்தையை ஒழித்தால் இதுவும் ஒழியும் என்று சொல்கிற தோழர்கள் கியூபாவைப் பார்க்க வேண்டும். 1959 மார்ச்சில், புரட்சி வென்ற மூன்றாவது மாதம், திரைப்பட நிறுவனம் அமைக்கப்பட்டது. வெளிநாட்டுப் படங்களுக்குக்கூட அந்த நாட்டுச் சுவரொட்டியைப் பயன்படுத்தாமல் தாங்களே புதிதாகச் செய்தார்கள். அமெரிக்கத் தடையால் தாள் இல்லை, மை இல்லை. பட்டுத்திரை அச்சில் சுமார் 51க்கு 76 செ.மீ. அளவில் கையால் அச்சிட்டார்கள். டிக்கெட் விற்கும் கட்டாயம் சுவரொட்டிக்கு இல்லை, நட்சத்திரத்தின் முகத்தைப் பெரிதாகப் போடச் சொல்லும் விநியோகஸ்தரும் இல்லை. முன்யோஸ் பாக்ஸ், ரெபாய்ரோ, அஸ்குய் என்று எத்தனை கைகள்! அந்த வறுமையிலிருந்து வந்த செழிப்பை நினைத்தால் இன்றும் பொறாமையாக இருக்கிறது. ஆனால் த்ரூஃபோவின் 'திருட்டு முத்தங்கள்' படத்துக்கு ரெனே அஸ்குய் 1970இல் செய்தது என்ன? கறுப்பு வெள்ளை முகம், அதில் உதடு மட்டும் சிவப்பு. அழகுதான். படம் அந்த்வான் துவானெல் என்கிற இளைஞனின் திண்டாட்டங்களைப் பற்றியது. விற்க வேண்டிய தேவை இல்லாத ஊரிலும் உதடுதான் முன்னால் வருகிறது. சந்தை இந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது, பெருக்குகிறது. சந்தைதான் இதைப் பெற்றது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அதே கியூபாவில் ஹும்பெர்த்தோ சொலாஸின் 'லூசியா' (1968). மூன்று காலகட்டம், லூசியா என்ற பெயரில் மூன்று பெண்கள்: விடுதலைப் போர்க்கால 1895, சர்வாதிகாரத்தை எதிர்த்த 1930கள், புரட்சிக்குப் பிந்தைய அறுபதுகள். கடைசி லூசியாவின் சண்டை ஸ்பானியனோடும் இல்லை, சர்வாதிகாரியோடும் இல்லை. அவள் வேலைக்குப் போகக்கூடாது, படிக்கக்கூடாது என்று வீட்டைப் பூட்டுகிற, புரட்சியை ஆதரிக்கிற, அவளுடைய சொந்தப் புருஷனோடு. இந்தப் படத்தின் சுவரொட்டியைச் செய்தவர் ரவுல் மார்த்தினேஸ். தட்டையான, கண்ணைப் பறிக்கிற வண்ணங்களில் பெண் முகம். முகம் முகமாகவே இருக்கிறது. உதடாகவும் காலாகவும் பிரியவில்லை. மார்த்தினேஸ் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக அறுபதுகளில் அந்தப் புரட்சி அரசின் கீழேயே பல்கலைக்கழக ஆசிரியர் வேலையை இழந்தவர். தான் பார்க்கப்படும் விதத்தால் அடிபட்ட ஒருவர் இன்னொருவரை வெட்டாமல் பார்த்தார் என்று முடிச்சுப் போட ஆசையாக இருக்கிறது. அவ்வளவு சுலபமாக வாழ்க்கையிலிருந்து வடிவத்துக்குத் தாவக்கூடாது என்று மற்றவர்களைக் கண்டித்தவன் நான். ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்கிறேன்.

இந்த வருஷம் கண்காட்சியை மறுபடி போடப் போகிறோம். ஸ்டென்பெர்க்கை இறக்க வேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். இறக்கப் போவதில்லை. 'ஜாஸ்' படிக்கட்டிலிருந்து உள்ளே வருகிறது. 'திருட்டு முத்தங்'களுக்கு அடுத்ததாகத் தொங்கும். ஸ்டென்பெர்க்குக்குப் பக்கத்தில், அதே அளவில், படத்திலிருந்து எடுத்த ஒரு சட்டகம்: மேஜைமுன் குனிந்திருக்கும் ஸ்விலோவா. போன வாரம் அச்சிலிருந்து வந்ததும் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அன்று கேட்டதை நான் இவ்வளவு காலம் சுமந்ததெல்லாம் அவருக்குத் தெரியாது, கேள்வியே ஞாபகமில்லை என்றார். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கம்பெனியில் துணியைப் பார்ப்பது போலவே, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவதான் வெட்டுறாளா?"

"ஆமாக்கா. முழுப் படமும்."

"பேரு கீழ எழுதியிருக்கீங்களே, இத யாரு படிப்பா? எறும்பு மாதிரி இருக்கு. பெருசா எழுதி ஒட்டுங்க தோழர்."